தோட்டத்துப் பட்டறை – 17: வாசலில் இறங்கிய கியர் பாக்ஸ்

சென்ற வாரம் டிராக்டரை இரண்டாகப் பிளந்து நிறுத்தியதோடு விட்டிருந்தோம். பழைய மாஸி பெர்குசனில் கிளட்ச் தகடு தேய்ந்துவிட்டால் கியர் பாக்ஸை மட்டும் கழற்றி எடுக்க வழியில்லை. அந்த டிராக்டருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. எஞ்சின் வார்ப்பும் கியர் பாக்ஸ் வார்ப்பும் சேர்ந்ததுதான் அதன் உடம்பு. அதனால் வண்டியையே நடுவில் பிரித்து, முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை மறுபக்கமும் உருட்டி வைத்தால்தான் கிளட்ச் கண்ணில் படும். முன் அச்சு நடு ஊசியில் இரண்டு பக்கமும் ஆடக்கூடியது. பிளப்பதற்கு முன்னால் அச்சுக்கும் தாங்கிக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் போல்ட்டுகள் கழன்ற நொடியில் எஞ்சின் பாதி பக்கவாட்டில் சாயும். தோட்டத்தில் பிட்டர் கையாளாகச் சேர்ந்த பையனுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுத் தருவதற்கு முன்பே ஆப்பு சீவக் கற்றுத் தந்தார்கள் என்று எழுதியிருந்தேன்.

இந்த வாரம் தோட்டத்தை விட்டு வெளியே வருகிறோம். இடம் சுங்கை பட்டாணியில் ஒரு தாமான். வரிசை வீட்டின் முன்வாசல். காடி என் அக்கா மகனுடையது: புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, மூன்று கதவு, ஐந்து கியர், வயது இருபதைத் தாண்டிவிட்டது. துணைக்கு வந்தவர் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தொடரில் அவர் ஏற்கெனவே வந்திருக்கிறார். எங்களுக்கெல்லாம் பிட்டர் அண்ணே. அக்கா மகனுக்கு மட்டும் தாத்தா.

சத்ரியாவை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. முன்சக்கரம் இழுக்கும் வண்டி, பின்னால் சாமான் கதவு, மிட்சுபிஷி மிராஜின் உடம்பு. இதில் ஸ்போர்ட்ஸ் எங்கே என்பார்கள். ஆனால் இந்த நாட்டின் கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும். புரோட்டோன் 1983இல் தொடங்கி 1985இல் சாகாவைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கு அதன் கைக்கு வந்தது. அந்த உறவில் பிறந்த பிள்ளைதான் ஜிடிஐ. 1.8 லிட்டர், இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின், 140ஐ ஒட்டிய குதிரைத்திறன், ரிக்காரோ இருக்கை, பின்புறம் லோட்டஸ் பெயர் சொல்லும் ஒரு சின்னப் பட்டயம். பால்மரக் காட்டை விட்டு வெளியேறி லோரி ஓட்டியும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தும் நிமிர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, கைக்கு எட்டும் விலையில் வளைவுகளில் சொன்னபடி திரும்பும் வண்டி அது. பெராரி படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டியது சத்ரியாவைத்தான். அந்த வகையில் நம் ஊருக்கு ஸ்போர்ட்ஸ் கார் இதுதான், என் கணக்கில்.

கியர் பாக்ஸைக் கழற்றுவதில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம். துரைமார் காலத்து ஆங்கில வண்டிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயரில் வண்டிக்கு அடியில் படுக்கவே வேண்டாம். இருக்கைகளைக் கழற்றி, கம்பளத்தை உரித்து, நடுவில் மேடுபோல இருக்கும் மூடியை எடுத்துவிட்டுக் கியர் பாக்ஸைக் காருக்குள்ளேயே தூக்கி, கதவு வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். எம்ஜிபியில் அந்தச் சலுகையும் இல்லை. கிளட்ச் மாற்ற வேண்டுமென்றாலும் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒன்றாகச் சேர்த்துச் சங்கிலியில் மேலே தூக்கியாக வேண்டும். பழைய போர்ஷே 911இல் இரண்டும் சேர்ந்து பின்பக்கத்தின் அடியில் இறங்கும். டொயோட்டா ஏஇ86 போலப் பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில் முதலில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, கியர் பாக்ஸைப் பின்னால் இழுத்துக் கீழே இறக்கலாம். இவற்றில் அதுவே மரியாதையான முறை. சத்ரியாவில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கியர் பாக்ஸ். டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை. பதிலுக்கு இரண்டு டிரைவ் ஷாஃப்டுகளையும் உருவாமல் ஒன்றும் நகராது.

போர்ஷே என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சுங்கை பட்டாணியிலிருந்து தூரமில்லாத கூலிமில் இனோகோம் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே 2022இல் போர்ஷே கயேன் பூட்டத் தொடங்கினார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷே பூட்டப்படும் முதல் இடம் அதுதான். இனோகோமை நடத்துவது சைம் டார்பி. 1910இல் மலாக்காவில் ரப்பரோடு தொடங்கிய அதே சைம் டார்பி. பாட்டன் பால் வெட்டிய நிறுவனத்தின் பெயரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு பேரன் கார் பூட்டப் போகிறான் என்பது கூலிம், பாடாங் செராய் வட்டாரத்தில் கற்பனைக்கு எட்டாத விஷயமல்ல. கார் ஆலைகளில் எஞ்சினும் கியர் பாக்ஸும் முன்கூட்டியே இணைந்து தயாராக இருக்கும். மேலே தொங்கி வரும் உடம்புக்குள் அவை கீழிருந்து ஏறும். வாசலில் நாம் செய்வது அதே வழியின் திரும்புகால். லிஃப்டுக்குப் பதில் ஜேக்கும் மரக்கட்டையும்.

கழற்றுவதற்கு முன்னால் கழற்றத்தான் வேண்டுமா என்று கேட்க வேண்டும். இதை நம் பையன்கள் கேட்பதே இல்லை. அக்கா மகன் ஹாப்கட் கடையில் விலை பேசி முடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான். ஜப்பானில் ஓடி ஓய்ந்த கார்களின் முன்பாதியை எஞ்சின், கியர் பாக்ஸ், வயரிங் எல்லாவற்றோடும் அறுத்து இங்கே இறக்குகிறார்களே, அந்தக் கடை. புக்கிட் மெர்தாஜம் பக்கம் போனால் அரைக் கார்கள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். மிராஜ் சைபோர்க் என்றால் நம் பிள்ளைகளுக்கு நாக்கில் நீர் ஊறும். அதன் 1.6 லிட்டர் மிவேக் எஞ்சின் 175 குதிரைத்திறன் தந்தது. அதன் கியர் பாக்ஸைச் சத்ரியாவில் ஏற்றுவது இங்கே பழகிப்போன வேலை. எஞ்சினை மாற்றினால் வண்டி கிராண்டில் இருக்கும் எஞ்சின் எண்ணை ஜேபிஜேயில் மாற்ற வேண்டும், புஸ்பாகோம் சோதனைக்குப் போக வேண்டும். கிராண்டில் கியர் பாக்ஸுக்கு எண் கிடையாது. அதனால் ஆசைப்பட்டவன் ஆசைப்பட்டபடி மாற்றிக்கொள்கிறான், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பிட்டர் அண்ணே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டார். கியர் நியூட்ரலில். கிளட்ச் பெடலை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெடலை மிதிக்காதபோது உறுமல் இருந்து, மிதித்ததும் அது நின்றால், கியர் பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்டின் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். ஏனென்றால் பெடலை மிதித்தால் அந்த ஷாஃப்ட் சுழல்வது நிற்கும். மாறாக, மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் அது ரிலீஸ் பேரிங். அது கியர் பாக்ஸுக்குள் இல்லை, வெளியே கிளட்ச் பக்கம் இருக்கிறது. இங்கே மிதித்தால்தான் கீச்சியது. பிறகு தாமானைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். நான்காவது கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபோது டேக்கோ முள் துள்ளியது, வண்டி துள்ளவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. கியர் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் விழுந்தது. எதுவும் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரவில்லை.

“கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. பொறத்தால இருக்கிறதுதான் போயிருச்சு,” என்றார் இறங்கும்போதே.

“அப்பன்னா எறக்க வேணாமா தாத்தா?”

“எறக்காம எப்புடிடா கிளட்ச்சப் பாப்ப?”

கியர் பாக்ஸைக் கழற்றும் வேலைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். குற்றம் அதன் மேல் இல்லை; அது வழியில் நிற்கிறது. ஒரு நாள் முழுக்க உழைத்து இறக்கி வைத்து, அதைத் திறக்காமலே திரும்ப ஏற்றுவோம்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். வெள்ளி காலையில் ஆரம்பித்தால் சனிக்கிழமை பாகம் வாங்கப் பொழுது இருக்கும். சனியன்று ஆரம்பிப்பவன் ஞாயிறு காலையில் பஸ் தேடுவான். மழையையும் பார்க்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கெடா காய்ந்து கிடக்கும். வெயில் மண்டையைப் பிளந்தாலும் நம் வேலைக்கு அது நல்ல காலம். ஆண்டு இறுதி மழையில் வாசலில் சாரல் அடிக்கும்போது திறந்த கியர் பாக்ஸை வைத்துக்கொண்டு தவிப்பது வேண்டாம்.

வாசல் தரை பற்றிச் சொல்ல வேண்டும். தாமான் வீடுகளில் வாசல் தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும், கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக. இப்போது எல்லாரும் அதன்மேல் வழவழப்பான ஓடு பதித்துவிடுகிறார்கள். சரிவும் வழுவழுப்பும் சேர்ந்தால் ஜேக் நகரும். முக்காலித் தாங்கியின் கால் ஓட்டை நொறுக்கும். தடிமனான பிளைவுட் துண்டுகளைப் போட்டு அதன்மேல்தான் தாங்கிகளை வைக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக் இழுத்தபடி. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கித் தாங்கிகளில் உட்காரவைத்த பிறகு பிட்டர் அண்ணே அதன் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து ஓங்கி உலுக்கினார். ஆடினால் இப்போதே ஆடட்டும், ஆள் அடியில் இருக்கும்போது ஆட வேண்டாம் என்பது அவர் கணக்கு. கழற்றிய முன்சக்கரங்களை வண்டியின் ஓரத்தில் இரண்டு பக்கமும் அடியில் தள்ளி வைத்தார். எல்லாம் தவறினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் விழும். அக்கா மகனுக்கு இவ்வளவு சடங்கு பிடிக்கவில்லை.

“ஜேக்லயே நிக்கட்டும் லா தாத்தா, சீக்கிரம் முடிச்சிரலாம்.”

“ஜேக்கு தூக்கிறதுக்கு. அது தாங்கும்னு எவன் சொன்னான்?”

முதல் ஸ்பானர் எங்கே போக வேண்டும்? எண்ணெயை வடிக்கும் அடி பிளக்குக்கு என்று நினைப்போம். இல்லை. எண்ணெய் ஊற்றும் பக்கத்துப் பிளக்குக்கு. இருபது வருஷம் கைபடாத பிளக் அது. அடியைத் திறந்து எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, பிறகு மேல் பிளக் துருவேறி வராமல் போனால், புது எண்ணெய் ஊற்ற வழியில்லாமல் வண்டி வாசலிலேயே சிறைப்படும். மேலது திறக்கும் என்று உறுதியான பிறகே கீழதைத் தொட வேண்டும். எண்ணெய் வடியும்போது பார்ப்பதற்கும் இருக்கிறது. அடி பிளக்கின் நுனியில் ஒரு காந்தம். அதில் சாம்பல் நிறக் களிம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தால் வயதுக்கு அது சகஜம். எண்ணெயில் மஞ்சள் மினுமினுப்புத் தெரிந்தால் பித்தளைச் சின்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. காந்தத்தில் நகம்போல இரும்புச் சில் நின்றால்தான் கவலை. ஏதோ பல் உடைந்திருக்கிறது. பிட்டர் அண்ணே எண்ணெயை இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். லேசான மஞ்சள் தூள். பழைய கூட்டுக்கு அது மோசமில்லை.

எண்ணெய்ப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். திரும்ப ஊற்றும்போது டப்பாவில் ஜிஎல்-4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎல்-5 என்றால் எண் பெரிது, ஆகவே தரம் உயர்ந்தது என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தக ரசாயனங்கள் பின்னச்சு டிஃபரன்ஷியலுக்கு ஏற்றவை. பித்தளை வளையங்களோடு அவை எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது வேறு தொந்தரவு. சுங்கை பட்டாணியின் சாக்கடை கடைசியில் மெர்போக் ஆற்றுக்குத்தான் போகிறது, அங்கே சதுப்புக் காட்டில் இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். காலி டப்பாவில் ஊற்றிப் பட்டறையில் கொடுத்தால் பழைய எண்ணெயை வாங்க ஆள் வரும்.

மேலிருந்து செய்யும் வேலை எளிது. பேட்டரியும் அதன் தட்டும், காற்று வடிகட்டிப் பெட்டி, கியர் கேபிள்கள், கிளட்ச் இணைப்பு, ரிவர்ஸ் விளக்கின் வயர், ஸ்பீடோ இணைப்பு, எர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார். ஒவ்வொன்றையும் கழற்றும்போது போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம். பிட்டர் அண்ணே பழைய முறைக்காரர். அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதில் கியர் பாக்ஸின் வட்டத்தைப் பேனாவால் கோடிழுத்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தில் குத்தி வைத்தார். இந்தக் கியர் பாக்ஸை எஞ்சினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையின் ஓட்டையில் முடுக்கினால் அலுமினிய வார்ப்பு பிளக்கும். படத்தில் போல்ட்டின் தலை தெரியும். அட்டையில் அதன் நீளமும் தெரியும்.

பிறகு எஞ்சின். கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் மவுண்டிங்கையும், முன்னும் பின்னும் எஞ்சின் ஆடாமல் தடுக்கும் ரப்பர் கட்டைகளோடு அடியில் ஓடும் நடுச்சட்டத்தையும் கழற்றியதும், எஞ்சின் ஒரு பக்கம் மட்டும் தொங்கும். அதை யார் தாங்குவது? பட்டறையில் இதற்கென்று தாங்கும் கம்பி வைத்திருப்பார்கள். இங்கே தடித்த இரும்புக் குழாய் ஒன்று குறுக்கே கிடந்தது, இரு முனையிலும் மரக்கட்டை வைத்து. அதிலிருந்து ஒரு சங்கிலி, எஞ்சினைத் தூக்குவதற்கென்று தொழிற்சாலையிலேயே வைத்த கொக்கியில் மாட்டியிருந்தது. பானட்டுக்கு அடியில் இரு பக்கமும் பெயிண்ட் பூசிய மெல்லிய தகட்டின் மேல் குழாயை வைக்கக் கூடாது. சஸ்பென்ஷன் மேடையை ஒட்டிய கெட்டியான இடத்தில்தான் வைக்க வேண்டும். டிராக்டரின் முன் அச்சில் அடித்த ஆப்பு இங்கே சங்கிலியாகிவிட்டது. பிரியப் போகும் இரண்டில் எது தனியாக நிற்காதோ அதை முதலில் கட்டு என்றார் பிட்டர் அண்ணே. அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

டிரைவ் ஷாஃப்ட் உருவுவது அழுக்கான வேலை. லோவர் ஆர்மின் பால் ஜாயிண்டைப் பிரித்தால் சக்கரக் கூடு வெளிப்பக்கம் சாயும். அந்த இடைவெளியில் ஷாஃப்டைக் கியர் பாக்ஸிலிருந்து வெளியே இழுக்கலாம். சக்கர நடுவிலிருக்கும் பெரிய நட்டைத் தொடாமலே இதைச் செய்யலாம். அதைத் தளர்த்திவிட்டு வண்டியின் பாரத்தைச் சக்கரத்தின் மேல் இறக்கினால் பேரிங் கெடும். ஷாஃப்டின் உள்முனையை ஒரு சின்ன வளையம் கவ்வியிருக்கிறது. ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் வளையம் விடாது, உள்பக்கத்து ஜாயிண்ட்தான் பிரிந்து கொட்டும். கியர் பாக்ஸ் ஓரத்தில் நெம்பு இரும்பை வைத்து ஒரே தட்டாக நெம்ப வேண்டும். நெம்பினார். டொக்கென்று விட்டது, கூடவே மிச்சமிருந்த எண்ணெய் அக்கா மகனின் முழங்கைவரை வழிந்தது. இரண்டு ஷாஃப்டும் வெளியே வந்ததும் அந்தத் துளைகளில் சுத்தமான துணி திணித்தார். சில கியர் பாக்ஸ்களில் இரண்டையும் வெறுமையாக விட்டால் உள்ளே இருக்கும் சைட் கியர் நழுவிவிடும். அப்படிப்பட்டவற்றில் துளைக்கேற்ற உருளைக் கட்டை செருகி வைப்பார்கள்.

இப்படி ஒரு மத்தியானம் போயிருந்தது. 2002இல் புரோட்டோன் பெர்ட் ஓட்டி உலக ராலியின் புரொடக்‌ஷன் பிரிவில் சாம்பியன் ஆனாரே கரம்ஜித் சிங், அவர் ஓடிய மாதிரிப் பந்தயங்களில் சர்வீஸ் கூடாரத்துக்குள் வண்டி நுழைந்து இருபது நிமிடத்தில் புதுக் கியர் பாக்ஸோடு வெளியே போகும். அங்கே நாலு கைக்கு நாலு வேலை, துருவேறிய போல்ட் ஒன்றுகூட இல்லை. நம் வாசலில் பெல் ஹவுசிங்கின் மேல்பக்கத்துப் போல்ட் ஒன்றுக்கே ஒரு தேநீர் நேரம் ஆனது. கண்ணுக்குத் தெரியாத இடம். ராட்செட்டில் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டு, முனையில் ஆடும் ஜாயிண்ட் மாட்டி, சக்கரக் குழிக்குள்ளிருந்து கையை நீட்ட வேண்டும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்ததால் தலை உருளாமல் வந்தது.

எல்லாப் போல்ட்டும் அட்டைக்கு வந்துவிட்டன. கியர் பாக்ஸ் மட்டும் வரவில்லை. இரண்டு குழாய் ஊசிகள் அதையும் எஞ்சினையும் நேர்கோட்டில் பிடித்திருக்கின்றன. அலுமினியமும் இரும்பும் வருஷக்கணக்கில் ஒட்டியிருந்தால் அந்த ஊசிகள் இறுகிவிடும். அக்கா மகன் பெரிய ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பப் போனான். பிட்டர் அண்ணே கையைப் பிடித்தார். அந்த விளிம்பு மெத்தென்ற அலுமினியம், ஒரு கீறல் விழுந்தால் திரும்ப உட்காராது. அவர் ஜேக்கை ஒரு விரல் அளவு ஏற்றினார், இறக்கினார். சங்கிலியை அரைச் சுற்று முறுக்கினார். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் கோட்டைக் கீழே படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். இடுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருந்தால் ஊசி கோணலாக இறுகியிருக்கிறது. மேலும் கீழும் ஒரே அளவாக மெல்லிய கோடு தெரிந்ததும், இரண்டு கையாலும் பக்கவாட்டில் லேசாக அசைத்தார். அசைத்துக்கொண்டே இழுத்தார். சத்தம் எதுவும் இல்லை. கியர் பாக்ஸ் அரை அங்குலம் நகர்ந்திருந்தது.

இந்த இடத்தில்தான் வீட்டு வேலையில் பலருடைய கிளட்ச் கெடுகிறது. பாதி வெளியே வந்த கியர் பாக்ஸ் நாற்பது கிலோவை ஒட்டிய பாரம். அதைத் தாங்காமல் விட்டால் முழு எடையும் அதன் முன் ஷாஃப்டில் தொங்கும். அந்த ஷாஃப்டின் பற்கள் கிளட்ச் தகட்டின் நடுத்துளைக்குள் இருக்கின்றன; தகடு வளையும். பழைய தகட்டைத் தூக்கி எறியத்தானே போகிறோம் என்று இறக்கும்போது அலட்சியமாக இருக்கலாம். ஆனால் ஷாஃப்டின் பல்லும் சேர்ந்து அடிபடும், அதைத் தூக்கி எறியப் போவதில்லை. ஜேக்கின் மேல் பால்மரக் கட்டை ஒன்றை வைத்து, நடுவில் கியர் பாக்ஸின் வயிற்றுக்கு ஏற்பக் குழி செதுக்கியிருந்தார். ஒருவர் ஜேக்கில், ஒருவர் கியர் பாக்ஸின் பின்முனையைப் பிடித்தபடி. ஷாஃப்ட் முழுக்க வெளியே வரும்வரை மட்டம் மாறக் கூடாது. வந்த பிறகுதான் இறக்க வேண்டும். அடியில் யாரும் இல்லை.

இறங்கியது. ஓரமாக இழுத்து வைத்துத் துணி போட்டு மூடியாயிற்று. பெல் ஹவுசிங்குக்குள் கறுப்புத் தூள். அதை வாயால் ஊதித் தள்ளுவது பழைய பிட்டர்களின் பழக்கம். பழைய கிளட்ச் தகடுகளில் கல்நார் இருந்தது. நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. எந்தக் காலத்துத் தகடு போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத வண்டியில் ஈரத்துணியால் துடைப்பதே சரி, காற்றடிக்கும் பம்பு வேண்டாம். பிட்டர் அண்ணே ஊதத்தான் குனிந்தார். அக்கா மகன் ஈரத்துணியை நீட்டினான். வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் தட்டு வளையும். தகடு கையில் வந்தது. ஆணித் தலைவரைக்கும் தேய்ந்திருந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் நடுவில் ஈரம். இங்கே ஈரம் வர இரண்டு வழிதான்: எஞ்சின் பின்பக்கத்து ஆயில் சீல், அல்லது கியர் பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் சீல். எது என்று தெரியாமல் தகட்டை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி வாசலில் படுக்க வேண்டியதுதான். பிட்டர் அண்ணே ஈரத்தைத் தொட்டு முகர்ந்தார், அக்கா மகன் மூக்குக்கும் நீட்டினார். எஞ்சினின் கறுப்பு எண்ணெய்க்குக் கருகிய வாசம். கியர் எண்ணெய்க்கு அழுகிய முட்டைபோலக் கந்தக நெடி. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதிலேயே பதில் தெரிந்துவிட்டது.

கியர் பாக்ஸ் பக்கத்துச் சீல். சில வெள்ளிக்குக் கிடைக்கிற ரப்பர் வளையம். கூடவே கிளட்ச் தகடு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். எஞ்சின் பக்கத்துச் சீல் காய்ந்துதான் இருந்தது. நல்லதைத் தொட வேண்டாம் என்பது பிட்டர் அண்ணே கட்சி. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இருபது வருஷத்து ரப்பரை அப்படியே விட்டுப் போகக் கூடாது என்பது என் கட்சி. மாற்றினோம். ஃப்ளைவீலின் முகத்தில் நீலப் புள்ளிகள் அங்கங்கே இருந்தன, வழுக்கிய சூட்டின் தழும்பு. நகத்துக்குப் பிளவு தட்டுப்படாததால் கடைசலுக்கு அனுப்பித் தேய்த்தாலே போதும்.

“அப்ப ஹாப்கட் கியர் பாக்ஸ்?” என்றேன்.

“தவுக்கேகிட்ட வாக்குக் குடுத்துட்டேனே மாமா. மிவேக் கியர் பாக்ஸ், எல்எஸ்டியோட,” என்றான்.

பிட்டர் அண்ணே சோப்புத் தூளைக் கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். “வாங்கி வையி. அத எறக்கயில கூப்புடு,” என்றார்.

அடுத்த வாரம் ஏற்றுகிறோம். கூடவே செய்ய நினைப்பவர்கள் அதற்குள் கிளட்ச் தகட்டை நடுவில் நிறுத்தப் பிளாஸ்டிக் குச்சி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். புது கிளட்ச் பெட்டிக்குள்ளேயே சில நேரம் இருக்கும், கடையில் பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.